உரத்துப் பேசும் ரிப்பீட்டருக்குக் காது ஏன் மந்தமாகிறது?

மலை உச்சியில் நிற்கும் அமெச்சூர் வானொலி ரிப்பீட்டரின் வேலையைச் சொல்வது எளிது. ஓர் அதிர்வெண்ணில் வரும் குரலைக் கேட்க வேண்டும். கேட்டதை அதே கணத்தில் இன்னோர் அதிர்வெண்ணில் பலமாகத் திருப்பி ஒலிபரப்ப வேண்டும். கையடக்கக் கருவியை வைத்துக்கொண்டு பள்ளத்தாக்கில் நிற்பவரும், மலைக்கு மறுபுறம் காரில் போகிறவரும் பேசிக்கொள்வது இப்படித்தான். இந்தியாவில் ஹாம்கள் எனப்படும் அமெச்சூர் வானொலிக்காரர்களுக்கு ஒதுக்கப்பட்ட இரண்டு மீட்டர் பட்டை 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை. அதில் ரிப்பீட்டர் கேட்கும் அதிர்வெண்ணுக்கும் பேசும் அதிர்வெண்ணுக்கும் நடுவே வழக்கமாக விடப்படும் இடைவெளி 600 கிலோஹெர்ட்ஸ். 145.100-இல் கேட்டால் 145.700-இல் பேசும். பெரும்பாலான நிலையங்களில் இரண்டு வேலைக்கும் ஒரே ஆன்டெனா, ஒரே கேபிள். இப்படி 10 வாட்டில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் ரிப்பீட்டருக்கு 100 வாட் ஆம்ப்ளிஃபயர் ஒன்றை மாட்டினால் என்ன ஆகும்? தொலைவில் இருப்பவர்களுக்கு அது பளிச்சென்று கேட்கத் தொடங்கும்; நேற்றுவரை அதைத் தட்டி எழுப்பிய அதே தொலைதூரக்காரர்களின் குரல் அதற்கு எட்டாமல் போகும். ஹாம்கள் இதை ‘டீசென்ஸ்’ என்கிறார்கள். ஆம்ப்ளிஃபயர் பழுது என்று பலரும் அதைத் திருப்பி அனுப்புவதுண்டு. பெரும்பாலும் அதில் பழுது இருக்காது. சக்தியைக் கூட்டுவது டிரான்ஸ்மிட்டர் சம்பந்தப்பட்ட வேலை என்று நினைப்பதில்தான் தவறு தொடங்குகிறது. அது முதலில் ரிசீவர் சம்பந்தப்பட்ட வேலை என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

அளவுகளைப் பார்த்தால் ஏன் என்று புரியும். நல்ல எஃப்எம் ரிசீவர் ஒன்று 0.2 மைக்ரோவோல்ட் அளவுள்ள சிக்னலைப் புரியும்படி பிரித்தெடுக்கும். 50 ஓம் மின்தடையில் அதைச் சக்தியாக மாற்றினால், ஒரு வாட்டை ஆயிரம் லட்சம் கோடி பங்காகப் பிரித்ததில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. பொறியாளர்கள் ஒரு மில்லிவாட்டை அடிப்படையாக வைத்து அளக்கும் டிபிஎம் கணக்கில் இது மைனஸ் 121. பக்கத்தில் இருக்கும் 100 வாட் டிரான்ஸ்மிட்டர் அதே கணக்கில் பிளஸ் 50. இரண்டுக்கும் நடுவே 171 டெசிபெல். அதாவது ஒன்றுக்குப் பின் பதினேழு சுழிகள் போட வேண்டிய விகிதம். இவ்வளவு பெரிய சக்தியும் இவ்வளவு சிறிய சக்தியும் ஒரே கேபிளில், ஒரே நேரத்தில், அதிர்வெண்ணில் அரை சதவீதம்கூட விலகாமல் ஓடுகின்றன. 435 மெகாஹெர்ட்ஸ் பக்கம், பட்டை அகலமாக உள்ள நாடுகளில், 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி விட்டால் அது ஒரு சதவீதத்துக்கும் மேல். அதனால் அந்தப் பட்டையில் கட்டும் ரிப்பீட்டருக்கு இந்தத் தலைவலி குறைவு. இரண்டு மீட்டரில் 600 கிலோஹெர்ட்ஸ் என்பது வெறும் 0.4 சதவீதம்தான். இரண்டையும் பிரித்து வைக்கும் பொறுப்பு டியூப்ளெக்ஸர் எனப்படும் கேவிட்டி வடிகட்டித் தொகுதியின் மேல் விழுகிறது. நல்ல ஆறு கேவிட்டி டியூப்ளெக்ஸர் 80 முதல் 100 டெசிபெல் வரை பிரித்துக் கொடுக்கும். மிச்சம் எங்கே போகிறது என்பதுதான் கேள்வி.

நோயின் அறிகுறி சுவையானது. பலவீனமான ஒரு சிக்னல் வருகிறது, சிக்னல் இல்லாதபோது ரிசீவரின் வாயை அடைத்து வைக்கும் ஸ்குவெல்ச் திறக்கிறது, டிரான்ஸ்மிட்டர் கிளம்புகிறது. கிளம்பிய மறுகணமே ரிசீவரின் காது மந்தமாகி, அந்தச் சிக்னல் மறைந்துவிடுகிறது. ஸ்குவெல்ச் மூடுகிறது, டிரான்ஸ்மிட்டர் நிற்கிறது, காது திரும்புகிறது, சிக்னல் மீண்டும் கேட்கிறது. இப்படித் திறந்து மூடி ரிப்பீட்டர் திக்கித் திக்கிப் பேசும். குரல் நின்ற பிறகும் டிரான்ஸ்மிட்டரைச் சில விநாடிகள் ஓடவைக்கும் ஏற்பாடு இருந்தால், இந்தத் திக்கல் மெதுவான சுற்றாக மாறி, யாரோ விட்டுவிட்டுப் பொத்தானை அமுக்குவதுபோலத் தோன்றும். குற்றம் பேசியவர் மேல் விழுவது அப்போதுதான். பலமான சிக்னலுக்கு இது எதுவும் தெரியாது என்பதால், ரிப்பீட்டரின் அடிவாரத்திலிருந்து சோதிப்பவர் எல்லாம் நன்றாக இருப்பதாகவே அறிக்கை தருவார்.

இந்த மந்தத்துக்கு மூன்று தனித்தனி வழிகள் உண்டு. மூன்றும் வெளியே ஒரே மாதிரி தெரியும், மூன்றுக்கும் மருந்து வேறு. முதலாவது, டிரான்ஸ்மிட்டரின் சொந்த இரைச்சல். எந்த டிரான்ஸ்மிட்டரும் தனக்குரிய அதிர்வெண்ணில் மட்டும் பேசுவதில்லை. அதன் ஆஸிலேட்டரில் இருக்கும் நுண்ணிய நடுக்கம் இருபுறமும் மெல்லிய இரைச்சலாகப் பரவுகிறது. அதில் ஒரு பகுதி சரியாக 145.100-இலேயே விழுகிறது. கணக்குக்காக ஒரு சாதாரண மொபைல் செட்டை எடுத்துக்கொள்வோம்: 600 கிலோஹெர்ட்ஸ் தள்ளி, ஒவ்வொரு ஹெர்ட்ஸுக்கும், கேரியர் எனப்படும் முதன்மை அலையைவிட 135 டெசிபெல் கீழே இரைச்சல். 10 வாட் என்பது பிளஸ் 40. ரிசீவரின் 12 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்குள் விழும் இரைச்சல் மைனஸ் 54. டியூப்ளெக்ஸர் அதில் 80 டெசிபெல்லைக் கழித்தால் மைனஸ் 134. அறை வெப்பநிலையின் இயல்பான இரைச்சலோடு தன்னுடைய 6 டெசிபெல்லையும் சேர்த்துக்கொள்ளும் ரிசீவரின் அடிமட்டம் மைனஸ் 127. வந்து சேரும் இரைச்சல் அதற்கு 7 டெசிபெல் கீழேயே அடங்கிவிடுகிறது, இழப்பு 0.8 டெசிபெல்தான், யாருக்கும் தெரியாது. இப்போது 100 வாட் ஆம்ப்ளிஃபயரை மாட்டுகிறோம். அது கேரியரைப் பத்து மடங்காக்குகிறது, இரைச்சலையும் நேர்மையாகப் பத்து மடங்காக்குகிறது. ரிசீவரை அடையும் இரைச்சல் மைனஸ் 124 ஆகி, அடிமட்டத்துக்கு மேலே 3 டெசிபெல் எழும்பி நிற்கிறது. இழப்பு 4.8 டெசிபெல். ஆம்ப்ளிஃபயர் துளி அழுக்கையும் புதிதாகச் சேர்க்கவில்லை. ஏற்கெனவே இருந்ததைக் கதவுக்கு வெளியே தள்ளி வைத்திருந்த அந்த 7 டெசிபெல் இடைவெளியைத்தான் தின்றுவிட்டது. மேலே சொன்ன செட்டுக்குப் பதிலாக ஆம்ப்ளிஃபயரை ஓட்ட இன்னும் 15 டெசிபெல் சுத்தமான எக்ஸைட்டர் இருந்திருந்தால், அதே 100 வாட்டில் இழப்பு கால் டெசிபெல்லை ஒட்டியே நின்றிருக்கும். ஜெனரல் எலக்ட்ரிக்கின் மாஸ்டர்-2 போன்ற பழைய கிரிஸ்டல் செட்டுகளை ரிப்பீட்டர் கட்டுபவர்கள் இன்னும் தேடி அலைவது பழமைப் பித்தால் மட்டும் அல்ல.

இரண்டாவது வழி, ரிசீவரே திணறுவது. டியூப்ளெக்ஸரைத் தாண்டிக் கசியும் கேரியர் 145.700-இல்தான் இருக்கிறது, ரிசீவர் கேட்கும் இடத்தில் இல்லை. ஆனால் ரிசீவரின் முன்வரிசை டிரான்சிஸ்டரும் மிக்ஸரும் அதைப் பார்க்கத்தான் செய்கின்றன. 100 வாட்டில் 80 டெசிபெல் கழித்தால் மைனஸ் 30 டிபிஎம். கேட்க வேண்டிய சிக்னலைவிட அது 91 டெசிபெல் பெரியது. அந்தப் பலத்தில் முன்வரிசை தன் பெருக்கும் திறனை இழக்கிறது, அல்லது ரிசீவரின் சொந்த ஆஸிலேட்டர் நடுக்கம் அந்தக் கேரியரோடு கலந்து இரைச்சலாக இறங்குகிறது. முதல் வழிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம்தான் இந்த விஷயம் முழுவதிலும் முக்கியமானது. டிரான்ஸ்மிட்டரின் இரைச்சல், கேட்கும் அதிர்வெண்ணிலேயே வந்து உட்கார்ந்துவிட்டது. அதை ரிசீவர் பக்கத்தில் எந்த வடிகட்டியாலும் எடுக்க முடியாது, ஏனென்றால் வேண்டிய சிக்னலும் அதே இடத்தில்தான் இருக்கிறது. அது பிறக்கும் இடத்திலேயே, டிரான்ஸ்மிட்டர் பக்கத்திலேயே தடுக்கப்பட வேண்டும். கேரியரால் வரும் திணறல் நேர்மாறு: டிரான்ஸ்மிட்டர் பக்கத்தில் எவ்வளவு கேவிட்டி போட்டாலும் கேரியரைக் குறைக்க முடியாது, குறைத்தால் ரிப்பீட்டரே பேசாது. அதை ரிசீவர் பக்கத்தில்தான் தடுக்க வேண்டும். இந்த வேறுபாட்டைப் பார்க்காமல், கையில் கிடைத்த கூடுதல் கேவிட்டியை ரிசீவர் கேபிளில் மாட்டிவிட்டு ‘வடிகட்டி போட்டும் பயனில்லை’ என்று சலித்துக்கொள்பவர்கள் ஏராளம்.

மூன்றாவது வழி இந்த இரண்டைவிடத் தந்திரமானது, ஏனென்றால் அது எந்தக் கருவியின் விவரத்தாளிலும் இல்லை. துருப்பிடித்த ஆணி, தளர்ந்த கனெக்டர், ஈரம் இறங்கிய கேபிள் இணைப்பு, டவரில் ஆடும் கம்பி, பக்கத்து வேலியின் முறுக்குச் சந்தி: ஆக்ஸைடு படிந்த இரு உலோகங்கள் தொடும் எந்த இடமும் சிறியதொரு டையோடாக நடந்துகொள்ளும். பலமான அலை அதில் பாய்ந்தால், காற்றுக்கும் வெயிலுக்கும் ஏற்பத் தொடுகை மாற மாற, சடசடவென்று பரந்த இரைச்சல் பிறக்கிறது. அதே மலையில் வேறொரு டிரான்ஸ்மிட்டரும் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். 146.300-இல் யாராவது பேசிக்கொண்டிருந்தால், நம் 145.700-இன் இரட்டிப்பிலிருந்து அதைக் கழித்து வரும் கலவை சரியாக 145.100, நம் காதிலேயே விழும். இந்த வகைக் கலவையில் நம் கேரியர் இரண்டு முறை பங்கேற்பதால், நாம் 10 டெசிபெல் கூட்டினால் கணக்குப்படி அது 20 டெசிபெல் கூடும். முதல் வழியில் பத்துக்குப் பத்து. இங்கே பத்துக்கு இருபது. 10 வாட்டில் தூங்கிக்கொண்டிருந்த துரு 100 வாட்டில் விழித்துக்கொள்வது இதனால்தான். இன்னொரு சிறிய குற்றவாளி மின்னல் தடுப்பான். வாயு நிரப்பிய குழாய் உள்ள தடுப்பான்களில் 90 வோல்ட்டில் பற்றிக்கொள்ளும் வகை பரவலாகக் கிடைக்கிறது. 50 ஓம் கேபிளில் 10 வாட் ஓடும்போது மின்னழுத்தத்தின் உச்சம் சுமார் 32 வோல்ட். 100 வாட்டில் அது சரியாக 100 வோல்ட். மின்னலுக்காகக் காத்திருந்த குழாய் ஒவ்வொரு முறை பொத்தானை அமுக்கும்போதும் பற்றிக்கொள்ளலாம். யாரும் அதைச் சந்தேகிக்க மாட்டார்கள். அது ஒரு பாதுகாப்புச் சாதனம் ஆயிற்றே.

கேபிளும் இந்த வரிசையில் சேரும். ஒற்றைப் பின்னல் கொண்ட சாதாரண கோஆக்சியல் கேபிள் மற்ற வேலைகளுக்குப் போதும். ஆனால் 80, 90 டெசிபெல் பிரிவு தேவைப்படும் பெட்டிக்குள் டிரான்ஸ்மிட்டர் கேபிளும் ரிசீவர் கேபிளும் பக்கம் பக்கமாக ஓடினால், பின்னலின் இடுக்குகள் வழியாகக் கசியும் சக்தி டியூப்ளெக்ஸரையே சுற்றிக்கொண்டு போய்விடும். அதனால்தான் அங்கே வெள்ளி பூசிய இரட்டைப் பின்னல் கேபிளைக் கேட்கிறார்கள். அலுமினியத் தகடும் தகரம் பூசிய செம்புப் பின்னலும் ஒன்றன்மேல் ஒன்றாக வரும் நவீனக் கேபிள்கள் இழப்பு குறைந்தவை, வாங்கத் தூண்டுபவை. ஆனால் ஒரே கேபிளில் கேட்பதும் பேசுவதும் சேர்ந்து நடக்கும் இடத்தில் அந்த இரு உலோகங்களின் உராய்வே இரைச்சலைப் பிறப்பிக்கும் என்று ரிப்பீட்டர் வட்டாரங்களில் அவற்றுக்குக் கெட்ட பெயர். ரிப்பீட்டருக்குக் கேபிள் வாங்கும்போது இழப்புப் பட்டியலை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது என்பதே என் கருத்து.

டியூப்ளெக்ஸரும் சக்தி கூடும்போது அதே டியூப்ளெக்ஸராக இருப்பதில்லை. இரண்டு மீட்டர் கேவிட்டி என்பது ஏறத்தாழ அரை மீட்டர் உயரமுள்ள உலோக உருளை. உள்ளே கால் அலைநீளக் கம்பி ஒன்று நிற்கிறது. அதன் நீளம்தான் ஒத்ததிர்வைத் தீர்மானிக்கிறது. டியூப்ளெக்ஸர் வழியே போகும்போது 1.5 டெசிபெல் இழப்பு சர்வ சாதாரணம். 10 வாட்டில் அது 3 வாட். 100 வாட்டில் 29 வாட். அந்த 29 வாட்டும் டிரான்ஸ்மிட்டர் பக்கத்துக் கேவிட்டிகளில் சூடாக இறங்குகிறது. செம்புக் கம்பி 20 டிகிரி சூடேறினால் அதன் நீளம் பத்து லட்சத்தில் 340 பங்கு கூடும். 145 மெகாஹெர்ட்ஸில் அது ஏறக்குறைய 50 கிலோஹெர்ட்ஸ் நகர்வு. இரைச்சலைத் தடுக்கும் ஆழமான பள்ளம் கேட்கும் அதிர்வெண்ணிலிருந்து அவ்வளவு விலகினால், 80 டெசிபெல் என்று அச்சிட்டிருந்தது அறுபதுகளுக்கு இறங்குவது வியப்பில்லை. நல்ல கேவிட்டிகளில் இந்தக் கம்பியைத் தாங்கி நகர்த்தும் தண்டு இன்வார் என்னும் இரும்பு-நிக்கல் கலவையால் ஆனது. வெப்பத்தில் அநேகமாக விரியாத இந்த உலோகத்தை 1896-இல் கண்டுபிடித்தவர் சார்ல் எட்வார் கீயோம். அளவியலில் செய்த இந்தப் பணிக்காக 1920-இல் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. செம்பு 17 பங்கு விரியும் இடத்தில் இன்வார் ஒன்றேகால் பங்கு அளவுக்கே விரியும். மலிவான டியூப்ளெக்ஸரில் மிச்சம் பிடிக்கப்படுவது பெரும்பாலும் இதில்தான். ஒரு துப்பும் இதில் கிடைக்கிறது: பொத்தானை அமுக்கிய கணத்தில் இல்லாமல், நீண்ட உரையாடலின் பத்தாவது நிமிடத்தில் காது மெல்ல மந்தமானால், முதலில் கை வைத்துப் பார்க்க வேண்டியது கேவிட்டியை. காற்றடிக்கும்போது விட்டுவிட்டு வந்தால் இணைப்புகளை. கணத்தில் வந்து அசையாமல் நின்றால் இரைச்சலையோ திணறலையோ.

ஆம்ப்ளிஃபயர் எப்போதும் நிரபராதி என்றும் சொல்ல முடியாது. டியூப்ளெக்ஸர் தன் டிரான்ஸ்மிட் அதிர்வெண்ணில் மட்டுமே 50 ஓமாகத் தோன்றும். சற்று விலகினால் அது வேறொரு சுமை. சில ஆம்ப்ளிஃபயர்கள் அந்தச் சுமையைப் பார்த்து வேண்டாத அதிர்வெண்களில் தானாக அலையத் தொடங்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள கேபிளை ஒரு சாண் நீட்டினாலோ குறைத்தாலோ நோய் தீர்வதுபோல் தோன்றுவது இதன் அறிகுறி. கேபிள் நீளத்தில் ஏதோ மந்திரம் இருப்பதாக நம்பி, அதைச் சூத்திரமாகவே பரப்புகிறவர்கள் உண்டு. நீளம் மாறியதால் ஆம்ப்ளிஃபயர் இன்றைக்கு அடங்கியது. கோடையில் மீண்டும் கிளம்பும். சரியான மருந்து நடுவே ஒரு ஃபெரைட் ஐசோலேட்டர். அது திரும்பி வரும் சக்தியை விழுங்கிக்கொண்டு, ஆம்ப்ளிஃபயருக்கு எப்போதும் 50 ஓமையே காட்டும். அதுவும் நேர்கோட்டில் நடக்காத சாதனம்தான். மேல் ஹார்மோனிக்குகளை உண்டாக்கும் என்பதால், அதன் பின்னால் ஒரு தாழ்வடிகட்டி வேண்டும்.

இத்தனை சாத்தியங்களில் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஊகத்தால் முடியாது, வரிசையான அளவீட்டால் முடியும். ரிசீவருக்குப் போகும் கேபிளில் ஒரு டி-கனெக்டரை வைத்து, அதன் பக்கவாட்டுக் காலின் நடு ஊசியை நீக்கிவிட்டால், சிக்னல் ஜெனரேட்டரிலிருந்து மிக மெல்லிய சிக்னலை, 50 ஓம் சமநிலை கெடாமல், ஊட்டலாம். முதலில் டியூப்ளெக்ஸரிலிருந்து ஆன்டெனாவின் கேபிளைக் கழற்றி, அங்கே ஆன்டெனாவுக்குப் பதிலாகச் சக்தியை விழுங்கும் டம்மி லோடு மாட்ட வேண்டும். டிரான்ஸ்மிட்டர் அணைந்திருக்கும்போது சிக்னல் புரியும் எல்லையைக் குறித்துக்கொண்டு, பிறகு டிரான்ஸ்மிட்டரை ஓட்டி மீண்டும் குறிக்க வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் குற்றவாளி பெட்டிக்குள் இருக்கிறான்: இரைச்சல், திணறல், கேபிள் கசிவு, ஆம்ப்ளிஃபயர். வித்தியாசம் இல்லாமல், ஆன்டெனாவை மாட்டிய பின் மட்டும் வந்தால், அவன் வெளியே இருக்கிறான்: மேல்கேபிள், கனெக்டர், தடுப்பான், டவர், வேலி. டம்மி லோடு ஒழுங்கான தொடுகை உள்ளதாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. அதுவே சடசடத்தால் சோதனை பொய்யாகிவிடும். ஆன்டெனாவோடு, டிரான்ஸ்மிட்டர் அணைந்த நிலையில் எடுக்கும் இன்னோர் அளவு, மலையின் சொந்த இரைச்சலைச் சொல்லும். சூரியமின் இன்வெர்ட்டரும் எல்இடி விளக்கும் பெருகிய இடங்களில் அந்த எண்ணே அதிர்ச்சி தரும்.

பெட்டிக்குள் என்று தெரிந்த பிறகு, இரைச்சலா திணறலா என்று பிரிக்க மிக மலிவான ஒரு கருவி போதும்: டி-கனெக்டருக்கும் ரிசீவருக்கும் நடுவே ஒரு 6 டெசிபெல் அட்டென்யுவேட்டர். வந்து சேர்ந்த இரைச்சல்தான் காரணம் என்றால், வேண்டிய சிக்னலும் இரைச்சலும் ஒன்றாகக் குறையும். டிரான்ஸ்மிட்டர் ஓடும்போதுள்ள எல்லை பெரிதாக மாறாது. திணறல் காரணம் என்றால், சிக்னலைக் குறைத்த பிறகும் கேட்பது மேம்படும். முரண்போலத் தோன்றும் இந்த விளைவே சாட்சி. சக்தியைப் பாதியாகக் குறைத்துப் பார்ப்பதும் உதவும். இரைச்சலாக இருந்தால் நோய் அதிகபட்சம் 3 டெசிபெல் தணியும். மின்னல் தடுப்பான் பற்றுவதாக இருந்தால் ஓர் எல்லைக்குக் கீழே சட்டென்று முழுமையாக மறைந்துவிடும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றைப் பார்ப்போம். ஆன்டெனாவில் எஸ்டபிள்யூஆர் 1.1 காட்டுகிறது, ஆகவே மேலே எல்லாம் சரி என்பது முதல் வாதம். எஸ்டபிள்யூஆர் மீட்டர் திரும்பி வரும் கேரியரை அளக்கிறது. நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தைக்கூட அது சரியாகச் சொல்லாது. துருவில் பிறக்கும் இரைச்சலோ கேரியரைவிட 150 டெசிபெல் கீழே இருந்தாலும் ரிசீவரைக் கெடுக்கப் போதுமானது. அந்த மீட்டருக்கு அது தெரிய வழியே இல்லை. நல்ல டியூப்ளெக்ஸர் வாங்கிவிட்டால் போதும் என்பது இரண்டாவது. இரைச்சலுக்கும் திணறலுக்கும் போதும். ஆனால் டியூப்ளெக்ஸருக்கு அப்பால், மேலே, கேட்கும் அதிர்வெண்ணிலேயே பிறக்கும் இரைச்சலை அது வேண்டிய சிக்னலாகவே எண்ணி, மரியாதையோடு ரிசீவருக்கு அழைத்துவரும். ரிசீவருக்கு முன்னால் ஒரு ப்ரீஆம்ப் போடலாம் என்பது மூன்றாவது. இரைச்சல் ஏற்கெனவே வந்துவிட்டால் ப்ரீஆம்ப் அதையும் சேர்த்தே பெருக்கும். திணறல் இருந்தால் இன்னும் திணறவைக்கும். எல்லாம் சுத்தமான பிறகு, கடைசியாக, வடிகட்டிக்குப் பின்னால்தான் அதற்கு இடம். 88.5 ஹெர்ட்ஸ் போன்ற துணைத் தொனி கேட்டால் மட்டும் திறக்கும்படி வைத்தால் தொல்லை நீங்கும் என்பார்கள். தொல்லை நீங்காது, மறையும். தொனி இரைச்சலைக் குறைப்பதில்லை. இரைச்சலுக்குக் கதவு திறக்காமல் இருக்கிறது, அவ்வளவே. பலவீனமான குரல் முன்புபோலவே மூழ்கும், இப்போது சத்தமில்லாமல்.

கடினமான எதிர்வாதம் வேறு: கேட்பவர்களுக்குச் சிக்னல் போதவில்லை, அப்படியிருக்கச் சக்தியைக் கூட்டாமல் என்ன செய்வது? இங்கே ஒரு சமநிலையை யோசிக்க வேண்டும். மலைக்கும் கையடக்கக் கருவிக்கும் இடையிலுள்ள பாதை இரு திசையிலும் ஒரே அளவு இழப்பைத் தருகிறது. ஆன்டெனாக்களின் குறையும் நிறையும் அப்படியே. ஆகவே வித்தியாசம் இரு முனைகளின் சக்தியிலும் கேட்கும் திறனிலும் மட்டும்தான். கையடக்கக் கருவி 5 வாட். ரிப்பீட்டர் 50 வாட் என்றால், கீழிறங்கும் பாதை ஏற்கெனவே 10 டெசிபெல் முந்தி நிற்கிறது. 100 வாட் ஆக்கினால் 13. இந்த நிலையில் புதிதாகக் கேட்கத் தொடங்குபவர்களில் பலர் பதில் சொன்னால் ரிப்பீட்டருக்குக் கேட்காது. பெரிய வாயும் இல்லாத காதும் கொண்ட இத்தகைய ரிப்பீட்டரை அமெரிக்க ஹாம்கள் ‘முதலை’ என்று கேலி செய்கிறார்கள். 10 வாட்டை 100 வாட் ஆக்குவது கேட்பவரின் எஸ்-மீட்டரில், ஒரு படிக்கு 6 டெசிபெல் என்ற மரபுப்படி, இரண்டு படிக்கும் குறைவான உயர்வு. டீசென்ஸில் போகும் 4.8 டெசிபெல்லை மீட்பதோ, கையில் கருவி வைத்திருக்கும் எல்லோருடைய சக்தியையும் ஒரே நாளில் மூன்று மடங்காக்குவதற்குச் சமம்.

ஆனாலும் இந்தச் சமநிலை வாதம் எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மலை அமைதியானதாகவும், கேட்பவர் நகரத்தின் மின் இரைச்சலுக்கு நடுவிலும் இருந்தால், இரு முனைகளின் கேட்கும் திறன் சமமல்ல. நகரத் தெருவில் அடிமட்டம் 10 டெசிபெல் உயர்ந்திருந்தால், அங்கே கேட்கும்படி பேச மலைக்கு அந்த 10 டெசிபெல் நியாயமாகவே வேண்டும். பேரிடர்க் காலத்தில் கட்டடத்துக்குள் நின்று கேட்கும் தன்னார்வலருக்கும் அப்படித்தான். அங்கே சக்தியைக் கூட்டுவது சரியான முடிவு. நான் மறுப்பது அதை அல்ல, வரிசையை. 100 வாட் ஆம்ப்ளிஃபயரின் விலையை எழுதும் அதே தாளில் இன்வார் தண்டுள்ள கேவிட்டி, ஐசோலேட்டர், இரட்டைப் பின்னல் கேபிள், 100 வாட்டுக்கு ஏற்ற மின்னல் தடுப்பான் இவற்றின் விலையையும் எழுத வேண்டும். எழுதிப் பார்த்தால், பல மன்றங்களுக்கு 25 வாட் திடீரென்று போதுமானதாகத் தோன்றும்.

டியூப்ளெக்ஸரே வேண்டாம், இரண்டு ஆன்டெனாக்களைத் தள்ளி வைத்துவிடலாமே என்று கேட்பவர்களுக்கும் கணக்கு பதில் வைத்திருக்கிறது. ஒரே டவரில் ஒன்றன்மேல் ஒன்றாக 20 மீட்டர் இடைவெளியில் வைத்தால், பொறியாளர்கள் பயன்படுத்தும் மதிப்பீட்டுச் சூத்திரப்படி சுமார் 67 டெசிபெல் பிரிவு கிடைக்கும். மிச்சத்தை இரண்டொரு கேவிட்டி பார்த்துக்கொள்ளும். பக்கவாட்டில் வைத்தால் 100 மீட்டருக்கும் 56 டெசிபெல்தான், அதிலும் ஆன்டெனாக்களின் ஆதாயம் கழியும். கேவிட்டியே இல்லாமல் 90 டெசிபெல் வேண்டுமென்றால் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். அவ்வளவு தூரம் போகத் தயார் என்றால் அதுவும் நல்ல வழிதான். ரிசீவரை இன்னொரு குன்றில் வைத்து, கேட்டதை 70 சென்டிமீட்டர் பட்டையில் டிரான்ஸ்மிட்டருக்கு அனுப்பினால், 100 வாட் அல்ல, அனுமதி உள்ளவரை எவ்வளவு வேண்டுமானாலும் கூட்டலாம். இப்படிப் பல குன்றுகளில் ரிசீவர்களை வைத்து, எது தெளிவாகக் கேட்கிறதோ அதைத் தேர்ந்தெடுக்கும் அமைப்புகளும் உண்டு. இணைப்புக்கான அதிர்வெண்ணைத் தேர்வு செய்வதில் மட்டும் கவனம் வேண்டும். இந்தியாவில் 70 சென்டிமீட்டர் பட்டை 434 முதல் 438 மெகாஹெர்ட்ஸ். 145.700-இன் மூன்றாம் ஹார்மோனிக் 437.100; பட்டைக்கு உள்ளேயே விழுகிறது. டிரான்ஸ்மிட்டர் குன்றில் இருக்கும் இணைப்பு ரிசீவர் அந்தப் பக்கம் காது வைத்தால், பழைய நோய் புதிய அதிர்வெண்ணில் தொடங்கும், 434.500-ஐ ஒட்டி வைத்தால் 100 வாட்டின் எந்த ஹார்மோனிக்கும் அங்கே வராது.